ஹவாய் மரவுரி: கப்பா செய்யும் முறை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஹவாய்த் தீவுகளின் பழைய மரவுரித் துணிக்குக் கப்பா என்று பெயர். இதில் நூற்ற நூல் இல்லை, தறியும் இல்லை. ஒரு செடியின் உள்பட்டையை உரித்து, ஊறவைத்து, அடித்து விரித்துச் செய்த துணி இது. 1778ல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது தீவு மக்கள் உடுத்தியதும் இரவில் போர்த்திக்கொண்டதும் இதைத்தான். ஆண்களின் கோவணம், பெண்கள் இடுப்பில் சுற்றிய பாவு, தோளில் முடிந்துகொண்ட போர்வை, கோயில் கோபுரத்தில் சுற்றிய வெள்ளைத் துணி எல்லாமே கப்பாதான். குக்கின் பயணங்களில் சேர்ந்த மரவுரிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, அலெக்சாண்டர் ஷா என்பவர் 1787ல் லண்டனில் மாதிரிப் புத்தகமாகவே வெளியிட்டார். அந்த அளவுக்கு அது பார்ப்பவர்களை இழுத்திருக்கிறது.

பசிபிக் முழுக்க மரவுரி உண்டு. டோங்கா, சமோவா, ஃபிஜி ஆகிய இடங்களில் இன்றும் நிறையச் செய்கிறார்கள். அங்கெல்லாம் பெரும்பாலும் பட்டைகளைத் தனித்தனியாக அடித்து விரித்து, மாவுப் பசையால் ஒட்டிப் பெரிதாக்குவது வழக்கம். ஹவாய்ப் பெண்கள் கூடுதலாக ஒரு வேலை செய்தார்கள். ஒருமுறை அடித்துக் காயவைத்த பட்டையை மறுபடியும் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, நார்கள் நெகிழ்ந்தபிறகு இரண்டாம் முறை அடித்தார்கள். அப்போது ஒரு பட்டையின் நார் அடுத்ததன் நாருக்குள் புகுந்து, பசை இல்லாமலே ஒன்றாகிவிடும். நல்ல கப்பாவில் இணைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம்.

புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கொட்டாப்புளியை, அதாவது பட்டையை அடிக்கும் மரச்சுத்தியைப் பற்றி. என்ன மரம், என்ன எடை, எங்கே கிடைக்கும் என்று. அது தேவையான கேள்விதான், ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துணியின் தரம் பாதிக்கு மேல் அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது: செடியை எப்படி வளர்த்தீர்கள், பட்டையை எவ்வளவு சுத்தமாகச் சுரண்டினீர்கள், எவ்வளவு நாள் தண்ணீரில் விட்டீர்கள் என்பதில். இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

செடி

கப்பாவுக்கு முதன்மையான செடி வௌக்கே. தாவரவியலில் புருசோனேசியா பாப்பிரிஃபெரா. முசுக்கொட்டை, ஆல், அத்தி, பலா எல்லாம் சேர்ந்த குடும்பம். இது ஹவாயில் தானாக முளைத்த செடி இல்லை. பாலினீசியர்கள் படகில் தீவு தீவாகக் கொண்டுவந்து நட்டது. பசிபிக் தீவுகளில் உள்ள இந்தச் செடியின் மரபணு, தைவானில் உள்ள செடியோடு பொருந்துவதை 2015ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. விதை போட்டு வளர்ப்பது வழக்கமில்லை. வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பெயர்த்து நடுவார்கள்.

வளர்ப்பதில் கவனிக்க வேண்டியது கிளைகள். ஒவ்வொரு கிளையும் பட்டையில் ஒரு கண், அதாவது அடிக்கும்போது ஒரு ஓட்டை. அதனால் கன்றுகளை நெருக்கமாக நட்டு, பக்கத்துளிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிடுவார்கள். நெருக்கத்தில் வெளிச்சம் தேடிச் செடி நேராக மேலே போகும். ஈரம் தங்கும் மண், காற்று மோதாத இடம் வேண்டும். காற்றில் ஒன்றோடொன்று உரசினாலும் பட்டையில் காயம்படும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடியாக வந்தால் வெட்டலாம். பேராசைப்பட்டு மரமாக விட்டால் பட்டை முரடாகிப் பயன்படாது. அடியோடு வெட்டினாலும் கவலையில்லை, வேரிலிருந்து மறுபடி கிளம்பும்.

வௌக்கே பற்றி ஹவாய்க் கதை ஒன்று உண்டு. மைக்கொஹா என்பவர் இறந்தபின் அவர் உடலிலிருந்து முளைத்த செடி இது என்பார்கள். அவருடைய மகள்கள் இரண்டு பேர். லௌஹுக்கி கப்பா அடிக்கிற பெண்களுக்குத் தெய்வம், லாஅஹானா அச்சும் சாயமும் போடுகிறவர்களுக்குத் தெய்வம். இன்றும் கப்பா செய்பவர்களில் பலர் செடியை வெட்டும் முன் ஒரு பாட்டுப் பாடி, அனுமதி கேட்டுக்கொண்டுதான் கத்தியை வைக்கிறார்கள். இதை அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நட்டு, கிள்ளி, ஒரு வருடம் காத்திருந்தவர் கையில் அந்தத் தயக்கம் இருப்பது இயல்பு.

வௌக்கே தவிர மாமக்கி என்ற செடியின் பட்டையையும் பயன்படுத்தினார்கள். அது ஹவாயில் மட்டுமே உள்ள ஒரு காஞ்சொறிக் குடும்பச் செடி, ஆனால் அரிக்காது. இன்று அதன் இலையைத் தேநீராகக் குடிக்கிறார்கள். ஈரப்பலா மரத்தின் இளங்கிளைப் பட்டையும் பயன்பட்டிருக்கிறது. வெண்மைக்கும் மென்மைக்கும் வௌக்கேக்கு ஈடில்லை.

இன்னொரு செய்தியும் எனக்குப் பிடித்தது. ஹவாயில் மாவோ என்ற சொந்தப் பருத்தி இனமே காட்டுச்செடியாக வளர்கிறது. அதன் பஞ்சை அவர்கள் நூற்கவில்லை. இலையை மட்டும் பறித்து, கப்பாவுக்குப் பச்சைச் சாயம் எடுத்துக்கொண்டார்கள்.

உரிப்பதும் சுரண்டுவதும்

வெட்டிய அன்றே உரித்துவிட வேண்டும். காயவிட்டால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

கழியின் அடியிலிருந்து நுனி வரை ஒரே நேர்கோட்டில் கீறுங்கள். கத்தி உள்கட்டையைத் தொட்டால் போதும், ஆழம் வேண்டாம். அடிப்பக்கம் கீறலுக்குள் கட்டைவிரலை நுழைத்துத் தூக்கினால், சாறு ஓடுகிற பருவத்தில் பட்டை முழுதாக ஒரே உறையாகக் கழன்று வரும். அதை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கட்டி ஓர் இரவு வைத்தால் வளைவு நிமிர்ந்து, தட்டையாகக் கிடைக்கும்.

அடுத்து மேல்தோல் போக வேண்டும். பழுப்புத் தோலும் அதற்குக் கீழே உள்ள பச்சைப் படலமும் இரண்டுமே போகவேண்டும். பழைய நாளில் பட்டையைப் பலகைமேல் விரித்து, ஆமையோட்டுத் துண்டாலோ விளிம்பு கூரான கிளிஞ்சலாலோ சுரண்டினார்கள். இன்று பலர் மழுங்கிய கத்தியையோ உலோகச் சுரண்டியையோ வைத்துக்கொள்கிறார்கள். அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நார் பிசிறும்.

இங்கே அவசரப்படவே கூடாது. விட்டுப்போன ஒரு சிறு பச்சைப் புள்ளியும் கடைசியில் துணியில் பழுப்புக் கறையாக வந்து நிற்கும். கணு இருந்த இடத்தில் அழுத்திச் சுரண்டினால் ஓட்டை, விட்டுவிட்டால் முடிச்சு. முடிச்சை விரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுப்பதுதான் வழி. கையில் எஞ்சுவது ஈரமான, பாலாடை நிறத்து நார்ப்பட்டை. அதுதான் உங்கள் மூலப்பொருள்.

முதல் ஊறல், முதல் அடி

சுரண்டிய பட்டையைக் கடல்நீரில் ஊறப்போடுவது ஹவாய் வழக்கம். கரையோரக் குட்டைகளில் கற்களை வைத்து அமிழ்த்தி, ஏறக்குறைய ஒரு வாரம் விடுவார்கள். கடல் எட்டாதவர்கள் ஓடைத் தண்ணீரில் போட்டார்கள். உப்புத்தண்ணீர் ஊறலில் நார் வெளுக்கவும் செய்யும், சீக்கிரம் கெட்டும் போகாது. வீட்டில் செய்பவர்கள் வாளித் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றினால் போதும்.

பிறகு முதல் அடி. இதற்கு வழவழப்பான பட்டடைக் கல்லும், உருண்டையான ஒரு கொட்டாப்புளியும் வேண்டும். அந்தக் கொட்டாப்புளிக்கு ஹொஹோவா என்று பெயர். பட்டையை ஈரத்தோடு கல்லில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக அடித்துப் போவீர்கள். நார்கள் தளர்ந்து, பட்டை அகலத்தில் விரியும். இந்தக் கட்டத்தில் மெலிதாக்க ஆசைப்பட வேண்டாம். நாரை இளக்கி, உள்ளே இருக்கும் பிசினை வெளியே தள்ளுவதுதான் நோக்கம்.

அடித்த கீற்றுகளை வெயிலில் காயவைத்து வெளுப்பார்கள். காய்ந்த கீற்றுகளுக்கு மொஒமொஒ என்று பெயர். இவை பல மாதம் கெடாமல் இருக்கும். அறுவடை ஒரு சமயம், துணி அடிப்பது வேறொரு சமயம் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள இது வழிவிட்டது. உங்களுக்கும் அதுவே வசதி. முதலில் கீற்றுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். போதுமான அளவு சேர்ந்தபிறகு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இரண்டாம் ஊறல்

ஹவாய்க் கப்பாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

காய்ந்த கீற்றுகளை மறுபடி தண்ணீரில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாழையிலையில் பொதிந்து மூடிவைப்பார்கள். பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். வெப்பத்தைப் பொறுத்து மாறும், அதனால் நாளை எண்ணுவதைவிடக் கையால் தொட்டுப் பார்ப்பதே சரி. முதலில் புளிச்ச வாடை வரும். பிறகு மேற்பரப்பு வழுவழுப்பாகும். ஓரத்தில் கொஞ்சம் நாரைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால், அது எதிர்ப்பில்லாமல் மெல்லப் பிரிந்துவர வேண்டும். அதுதான் பதம். இழுக்கும்போது இன்னும் கயிறு மாதிரி நின்றால் மூடிவைத்துவிட்டு நாளை பாருங்கள். தொட்ட இடம் கூழாகக் கையோடு வந்தால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். அதை அடித்தால் துணியில் வலு இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், நார்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிசின் போன்ற பொருளை நுண்ணுயிர்கள் தின்று கரைக்கின்றன. நார் அப்படியே இருக்கும், அதைக் கட்டிய பசை மட்டும் போகும். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுக்கிறோமே, அதே வேலைதான் இது. பிடிமானம் போன நாரைக் கொட்டாப்புளி எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். பக்கத்துக் கீற்றின் நாரோடு பின்னிக்கொள்ளும். காய்ந்தபின் அந்தப் பின்னல் இறுகிவிடும்.

நாற்றம் வரும். அதைத் தவிர்க்க வழியில்லை. வீட்டுக்குள் வைக்காமல் நிழலான வெளியிடத்தில் மூடிவைப்பது நல்லது. கறுப்பு, பச்சைப் பூஞ்சை படர்ந்தால் நல்ல தண்ணீரில் அலசி, வாழையிலையை மாற்றுங்கள். அடிக்கத் தொடங்கும் முன் ஒருமுறை சுத்தமாக அலசிவிடுங்கள், வாடையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மிச்சம் வெயிலில் போகும்.

கொட்டாப்புளியும் கட்டையும்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இரண்டாம் அடிக்கான கொட்டாப்புளிக்கு இயெ குக்கு என்று பெயர். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், உருண்டைக் கைப்பிடி, அடிக்கும் பகுதி சதுரம். நான்கு முகங்களிலும் நான்கு விதமாகச் செதுக்கியிருக்கும். ஒன்றில் அகலமான நீளவாட்டுப் பள்ளங்கள், அடுத்ததில் நெருக்கமான பள்ளங்கள், மூன்றாவதில் இன்னும் மெல்லியவை. நான்காவதில் கோலம்: மீன்வலைக் கண்கள், சுறாப் பல் வரிசை, நெளிகோடுகள் என்று பல வகை. பெரும்பாலும் கவிலா என்ற மரத்தில் செய்வார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு அடர்த்தியான மரம் அது. செதுக்குவது ஆண்கள் வேலை. இரும்பு வருவதற்கு முன்பு சுறாப் பல்லைக் கைப்பிடியில் கட்டித்தான் இவ்வளவு நுணுக்கமான கோடுகளையும் இழைத்தார்கள்.

கீழே வைப்பது மரக்கட்டை. ஆள் நீளத்துக்கு, குறுகலான மேல்முகத்தோடு, அடிப்பக்கம் குடைந்து இருக்கும். அந்தக் குடைவால் ஒவ்வோர் அடியும் கணீரென்று ஒலிக்கும். பள்ளத்தாக்குகளில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கப்பா அடியின் தாளத்திலேயே பெண்கள் சேதி அனுப்பிக்கொண்டார்கள் என்று ஹவாயில் சொல்வார்கள்.

பழகுவதற்குக் கவிலா தேட வேண்டியதில்லை, அது இன்று அரிதான மரம். விரிசல் விடாத, நெருங்கிய இழையுள்ள எந்தக் கெட்டி மரமும் ஆகும். நம்மூரில் கறிக்கடைக் கட்டை செய்யும் புளிய மரம் நன்றாக உழைக்கும். தச்சரிடம் சொல்லி நாலு முகமாக இழைத்து, ஒரு முகத்தில் அகலப் பள்ளம், ஒன்றில் நெருக்கப் பள்ளம், இரண்டு முகம் வெறுமனே என்று தொடங்குங்கள். கோல முகத்தைக் கை பழகியபின் வெட்டிக்கொள்ளலாம். கட்டையின் மேல்முகம் வழவழப்பாக இருப்பது முக்கியம். அதில் ஒரு சிறு பிளவு இருந்தாலும் துணியில் வடு விழும்.

இரண்டாம் அடி

கட்டைக்கு முன்னால் தரையில் உட்காருங்கள். நாற்காலி, மேசை வைத்தால் தோள் சீக்கிரம் வலிக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். அடிக்கும் நேரம் முழுக்க துணி ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த இடத்தில் விழும் அடி கிழித்துவிடும்.

முதலில் இரண்டு மூன்று கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அகலப் பள்ள முகத்தால் அடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது அடித்தளம். இது விரிந்ததும் அதன் ஓரத்தில் அடுத்த கீற்றை இரண்டு விரல் அகலம் மேலேறும்படி வைத்து, அந்த ஓரத்தின்மேல் மட்டும் அடியுங்கள். இரண்டு ஓரமும் மறைந்து ஒன்றாகும் வரை அங்கேயே நில்லுங்கள். அப்புறம்தான் அடுத்த கீற்று. துணி பெரிதாவது இப்படித்தான். பெரிய படுக்கை விரிப்புகளும் இந்த முறையில் வந்தவையே.

கொட்டாப்புளி தட்டையாக விழ வேண்டும். விளிம்பு பட்டால் துணியில் கோடு கோடாக வெட்டு விழும். மணிக்கட்டை இறுக்காமல், எடை தானாக விழட்டும் என்று விடுங்கள். ஓங்கி அடிப்பதால் எதுவும் சீக்கிரம் ஆகாது. பதமாக ஊறிய நார் மெல்லிய அடிக்கே நகரும். நகர மறுக்கிறது என்றால் ஊறல் போதவில்லை. அப்போது கையை உயர்த்தாமல், கீற்றை மறுபடி பொதிந்து வைத்துவிடுவதே நல்லது.

ஓட்டை விழுந்தால் பதற வேண்டாம். பக்கத்திலிருந்து கொஞ்சம் நாரை ஈரவிரலால் ஓட்டையின் மேல் இழுத்து அடியுங்கள். பெரிய ஓட்டை என்றால் வேறொரு கீற்றிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து வையுங்கள். கத்தரியால் வெட்டிய துண்டு ஒட்டாது, கிழித்த பிசிறு ஓரம்தான் கலக்கும்.

துணி வேண்டிய அகலம் வந்ததும் மெல்லிய பள்ள முகத்துக்கு மாறி, முழுப்பரப்பையும் சீராக்குங்கள். எல்லாம் முடிந்தபின் கோல முகம். இதை வரிசை தப்பாமல், ஒவ்வோர் அடியும் முந்தையதன் பக்கத்தில் விழும்படி ஒருமுறை மட்டும் அடிப்பார்கள். காய்ந்தபின் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த வலையும் சுறாப் பல்லும் உள்ளே தெரியும். ரூபாய் நோட்டில் தெரியும் நீர்க்குறிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: சில இடத்தில் நார் மெலிந்தும் சில இடத்தில் தடித்தும் நிற்கிறது. பசிபிக்கின் வேறெந்த மரவுரியிலும் இதை இந்த நுணுக்கத்தில் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் மேலே போடும் அச்சைவிட இதுதான் கப்பாவின் பெரிய அழகு.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் தொடர்ந்து அடிக்காமல் நடுவில் எழுந்து மணிக்கட்டை ஆட்டிவிடுங்கள். வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் துணியை ஈரத்தோடு சுருட்டி இலையில் பொதிந்துவிட்டால் மறுநாள் தொடரலாம்.

காயவைத்தல்

புல்தரையிலோ வழவழப்பான பலகையிலோ விரித்து, ஓரங்களில் கல் வைத்துக் காயவிடுங்கள். காயும்போது துணி சுருங்கும், கல் இல்லாத இடம் கோணலாகிவிடும். வெள்ளை வேண்டுமென்றால் பல நாள் வெயிலிலும் பனியிலும் மாற்றி மாற்றிக் கிடக்க விடுவார்கள்.

நல்ல வெயில் இல்லாமல் கப்பா இல்லை. சூரியன் வேகமாக ஓடிவிடுவதால் தன் கப்பா காயவில்லை என்று ஹினா வருந்த, அவள் மகன் மாவி ஹலேயாக்கலா மலையுச்சிக்குப் போய்ச் சூரியனைக் கயிற்றால் பிடித்து, மெதுவாகப் போகும்படி செய்தான் என்பது ஹவாயில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. ஈரத்துணி காயாமல் தவித்த தலைமுறைகள் அந்தக் கதைக்குள் இருக்கின்றன.

சாயமும் அச்சும்

வெள்ளைக் கப்பாவே முழுமையான துணிதான். சாயம் கட்டாயமில்லை. போடுவதென்றால் நமக்குப் பழக்கமான பொருள்களே பல அங்கேயும் உண்டு. மஞ்சள் கிழங்கை ஓலேனா என்பார்கள். பச்சையாக இடித்துப் பிழிந்த சாற்றில் இளமஞ்சள் வரும். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் சாயம் இது. நோனி வேர்ப்பட்டையில் மஞ்சள் வரும், அதோடு பவளம் சுட்ட சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகும். குக்குயி மரத்தின் பட்டையில் செம்பழுப்பு. அதே மரத்தின் எண்ணெய்க் கொட்டையை எரித்துப் பிடித்த கரியில் கறுப்பு. அலயேயா என்ற செம்மண்ணைப் பொடித்துக் குக்குயி எண்ணெயில் குழைத்தால் நிலைத்து நிற்கும் காவி நிறம். உக்கியுக்கி என்ற செடியின் பழத்தில் நீலம்.

மண்ணும் கரியும் நிலைக்கும், பூவும் பழமும் வெளுக்கும் என்று பொதுவாக நினைவில் வையுங்கள். புதியவர்களுக்குக் கரிக்கறுப்பும் செம்மண்ணும்தான் என் பரிந்துரை. இரண்டையும் நன்றாகச் சலித்து, எண்ணெயில் கெட்டியாகக் குழைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் அச்சைச் சுற்றி மஞ்சள் வளையம் பரவும்.

அச்சுக்கு ஹவாயில் மூங்கில். ஓஹே காப்பாலா என்று பெயர். ஒரு சாண் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள மூங்கில் பட்டையின் உட்புற முனையில், விரல் அகலத்துக்குள் முக்கோணம், கட்டம், சாய்கோடு என்று செதுக்குவார்கள். முனையைச் சாயத்தில் தொட்டு, கப்பாவில் வைத்து அழுத்தி, உடனே பக்கத்தில் அடுத்தது. வரிசை வரிசையாகப் பெரிய பரப்பை நிரப்புவது இந்தச் சின்ன அச்சுதான். கோடுகள் இழுக்க, நுனியைப் பல் பல்லாகப் பிளந்த மூங்கில் குச்சியும் உண்டு. தூரிகைக்குக் காய்ந்த தாழம்பழச் சுளையின் நார்முனை.

பழைய அச்சுகளின் கோலங்களை அப்படியே எடுத்து விற்பனைக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் சில ஒரு குடும்பத்தோடும் ஓர் இடத்தோடும் சேர்ந்தவை. பழகுவதற்கு உங்கள் சொந்தக் கோடுகளே போதும்.

கடைசியாக வாசனை. மைலே இலை, மொக்கிஹானாக் காய், சந்தனத் தூள் ஆகியவற்றை மடிப்புகளுக்கு நடுவே வைப்பார்கள். அல்லது சாயத்தில் கலக்கும் எண்ணெயிலேயே ஊறவைப்பார்கள்.

உடுத்தவும் படுக்கவும்

அளவுகள் தெரிந்தால் உழைப்பு எவ்வளவு என்பது புரியும். கோவணம் ஏறக்குறைய 9 அங்குல அகலம், 9 அடி நீளம். பாவு ஏறக்குறைய ஒரு கெஜ அகலம், நான்கு கெஜ நீளம். படுக்கைக்கான கப்பா மோயே ஐந்து விரிப்புகளை ஒரு பக்கம் மட்டும் தைத்துச் சேர்த்தது. மேல் விரிப்பில் சாயமும் அச்சும், கீழே நான்கும் வெள்ளை. குளிருக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம். தோய்த்துத் தோய்த்து உடுத்தும் துணி இல்லை இது. தண்ணீரில் ஊறினால் நார் மறுபடி இளகிவிடும். அழுக்கானால் புதிது அடிக்க வேண்டியதுதான், அதனால் வீட்டில் கப்பா வேலை ஓய்ந்ததே இல்லை.

பிறகு அது ஓய்ந்துபோனது. 1819ல் பழைய சமயக் கட்டுப்பாடுகளைத் தலைவர்களே நீக்க, கோயில் கோபுரங்களுக்குச் சுற்றிய வெள்ளைக் கப்பாவுக்குத் தேவை போனது. 1820ல் மதப்பிரசாரகர்கள் வந்தார்கள், தைத்த உடைகள் பரவின. சந்தனக்கட்டைக்கு ஈடாகக் கப்பல் வணிகர்கள் துணிமூட்டைகளை இறக்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தீவுகளில் கொட்டாப்புளி ஓசை ஏறக்குறைய நின்றுவிட்டது.

1970களில் ஹவாயில் பண்பாட்டு மறுமலர்ச்சி எழுந்தபோது, கற்றுக்கொடுக்கப் பாட்டிமார் யாரும் மிஞ்சவில்லை. ஹொனலுலுவில் 1889ல் தொடங்கிய பிஷப் அருங்காட்சியகத்திலும் வெளிநாட்டுச் சேகரிப்புகளிலும் இருந்த துண்டுகளை உற்றுப்பார்த்தும், 19ஆம் நூற்றாண்டில் டேவிட் மாலோ, சாமுவேல் கமக்காவ் போன்றோர் ஹவாய் மொழியிலேயே எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தும், செய்து செய்து பார்த்தும்தான் முறைகளை மீட்டார்கள். அப்படி உழைத்தவர்களில் புவானானி வான் டோர்ப் முக்கியமானவர். மாவி தீவின் ஹொனோகஹுவாவில் விடுதி கட்டத் தோண்டியபோது வெளிவந்த நூற்றுக்கணக்கான மூதாதையர்களின் எலும்புகளை மறுபடி அடக்கம் செய்தபோது, அவற்றைப் பொதிவதற்கான கப்பாவை அவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் அடித்துக் கொடுத்தார்கள். மலர்மாலைக் கலைக்குப் பெயர்பெற்ற மேரி மெக்டோனல்டும் அவர் மகள் ரோவன் ஹஃபர்டும் தங்கள் தோட்டத்திலேயே வௌக்கே வளர்த்துக் கப்பா செய்தவர்கள்.

நம்மூரில் பழக

வௌக்கே கன்றை வரவழைத்து நடலாமா என்று யோசிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். இஸ்லாமாபாத்தில் பசுமைக்காக இந்த மரத்தை நட்டார்கள், இன்று அதன் மகரந்தத்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள். வேரிலிருந்து பரவுவதால் ஒழிப்பதும் கடினம். நடாமல் இருப்பதே நல்லது.

பழக்கத்துக்கு முசுக்கொட்டை போதும். ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இலை பறித்தபின் கழிகளைக் கவாத்து செய்து ஒதுக்குவார்கள். பச்சையாகக் கேட்டு வாங்கிவந்து, அன்றே உரியுங்கள். அது வௌக்கே அளவுக்கு விரியாது, நிறமும் மங்கல். ஆனால் உரிப்பது, சுரண்டுவது, ஊறலின் பதம் பார்ப்பது, ஓரம் சேர்ப்பது எல்லாவற்றையும் அதில் கற்றுக்கொள்ளலாம். காகிதம் செய்பவர்களுக்காக விற்கும் ஜப்பானியக் கோசோப் பட்டை வௌக்கேயின் நெருங்கிய உறவு. மேல்தோல் நீக்கிய வெள்ளைப் பட்டையாகக் கிடைத்தால் காய்ந்த கீற்றுகளுக்குப் பதிலாக அதை நனைத்து, இரண்டாம் ஊறலிலிருந்து தொடங்கிவிடலாம்.

முதல் துண்டைக் கைக்குட்டை அளவுக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒரே கட்டுக் கீற்றுகளை மூன்றாகப் பிரித்து, மூன்றையும் சில நாள் இடைவெளிவிட்டு ஊறலிலிருந்து எடுத்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் என்ன செடி, எத்தனை நாள் ஊறல், என்ன மாதம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். முடித்த துணியை மடித்து வைத்தால் மடிப்பில் முறியும், அதனால் தடித்த குழாயில் சுற்றி, பருத்தித் துணியால் மூடி, ஈரமும் கரையானும் எட்டாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.